அந்தப் பையன் கையில் இருந்தது

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'அராபி' சிறுகதை எங்களுக்குப் பாடம். ஆப்பிள் மரம் என்றால் ஏதேன் தோட்டம், இறந்த பாதிரியார் என்றால் உயிரற்ற திருச்சபை என்று கைடில் பட்டியல் இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன், கதை மனத்தில் ஒட்டவில்லை. கடைக்குத் தாமதமாகப் போன ஒரு பையன் ஏன் இப்படி உடைந்துபோக வேண்டும்?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பட்டியலை மூடி வை, அம்மா. முப்பது வருடம் இந்தக் கதையை வகுப்பில் நடத்தியவள் நான். முதல் பத்து வருடம் அதே பட்டியலைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அந்த மாணவிகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டப்ளின் நகரம், நார்த் ரிச்மண்ட் தெரு. அத்தை மாமா வீட்டில் வளரும் ஒரு பையன். நண்பன் மேங்கனின் அக்காமேல் அவனுக்குச் சொல்லத் தெரியாத ஈர்ப்பு. 'அராபி' என்ற பொருட்காட்சிக்குப் போகிறாயா என்று அவள் கேட்கிறாள். அவளால் போக முடியாது; அந்த வாரம் கன்னியர் மடத்தில் தியானம். போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்கிறான். அன்றைக்கென்று மாமா வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிறது. பையன் போய்ச் சேரும்போது மணி பத்தாகப் போகிறது. பெரும்பாலான கடைகளை மூடிவிட்டார்கள். ஒன்றும் வாங்காமல் இருட்டை அண்ணாந்து பார்த்து நிற்கிறான்.

இப்போது அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டே வா. சனிக்கிழமை மாலை அத்தையோடு சந்தைக்குப் போகிறான். குடிகாரர்கள் இடிக்கிறார்கள், பெண்கள் பேரம் பேசுகிறார்கள், பன்றி இறைச்சிப் பீப்பாய்களுக்குக் காவல் நிற்கும் கடைப் பையன்கள் கூவுகிறார்கள். அந்தக் கூவலுக்கு ஜாய்ஸ் போடும் சொல், கத்தோலிக்கரான நாங்கள் கோவிலில் வேண்டுதல்களை வரிசையாகச் சொல்லும் மன்றாட்டுமாலைக்குரிய சொல். பையன் தூக்கி வருவது அத்தையின் பொட்டலங்கள். அவன் நினைப்பிலோ அது பூசையில் குருவானவர் ஏந்தும் திருக்கிண்ணம். பகைவர் கூட்டத்துக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுபோகிறான்.

பிறகு ஒரு மழை இரவு. அந்த வீட்டில் முன்பு குடியிருந்த குருவானவர் உயிர்விட்ட பின்னறைக்குப் போய், உள்ளங்கைகளை நடுங்கும்வரை அழுத்திச் சேர்த்து, 'அன்பே, அன்பே' என்று முணுமுணுக்கிறான். செபத்துக்குக் குவிந்த கைதான். இன்னொரு நாள் அவள் கம்பி வேலியைப் பிடித்தபடி அவனிடம் பேசுகிறாள். எதிர் விளக்கின் வெளிச்சம் அவள் கழுத்திலும் கூந்தலிலும் கையிலும் விழுகிறது. குகைபோல் கட்டிய கெபியில் மாதா சுரூபத்தின்மேல் விளக்கு விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிக்குக் கைடு தேவைப்படாது.

பொருட்காட்சிக்குக் கிளம்பும்போது அவன் இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு ஃபிளாரின்: இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்னி. ஆறு பென்னிக் கட்டண வாசல் கண்ணில் படவில்லை. மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டு நுழைகிறான். உள்ளே, பூசை முடிந்த கோவிலின் அமைதி. அப்படிச் சொல்வது ஜாய்ஸேதான். ஒரு திரைக்கு முன்னால் இருவர் தட்டில் பணம் எண்ணுகிறார்கள். காசு விழும் ஓசையைப் பையன் கேட்டு நிற்கிறான்.

அந்த ஓசை எனக்குத் தெரியும். என் அப்பா எங்கள் ஊர்க் கோவிலின் பணிகளைப் பார்த்துக்கொண்ட கோவில்பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்ததும் மெழுகுவர்த்திகளை அணைக்க நானும் கூடப் போவேன். குருவானவர் உடுப்பு மாற்றும் அறையில், பித்தளைத் தாம்பாளத்தில் காணிக்கையைக் கொட்டி எண்ணுவார்கள். சாம்பிராணி வாசம் இன்னும் கலைந்திருக்காது. வளைந்த ஓரம் கொண்ட பத்துப் பைசா ஒன்று தாம்பாள விளிம்பில் தட்டித் தட்டி ஓடி விழும். சற்று முன்புதான் மணியோசைக்கு ஊரே முழந்தாளிட்டிருந்தது. காணிக்கை என்றால் எண்ணத்தானே வேண்டும். யார்மேலும் தப்பு இல்லை. ஆனாலும் ஒன்பது வயதில் அந்தச் சத்தம் என் வயிற்றில் விழுந்தது. அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

கதையின் முடிவில் பையன் தன் சட்டைப்பைக்குள் இரண்டு பென்னிகளை ஆறு பென்னி நாணயத்தின்மேல் விழவிடுகிறான். அதே ஓசை, இப்போது அவனிடமிருந்தே வருகிறது. மிச்சம் எட்டுப் பென்னி. ரயிலுக்கு நான்கு போயிருக்க வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவனை யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பெண் எதையும் கேட்கவில்லை. கடைக்காரப் பெண் இரண்டு இளைஞர்களோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். தான் சுமந்து வந்தது பொட்டலம் என்று அவனுக்கே தெரிந்துபோகிறது. அந்த வயதில் அதைத் தாங்குவது எவ்வளவு கடினம்!

கேள்வி: அப்படியானால் அவன் கடவுள் நம்பிக்கையை இழந்துவிட்டான் என்றுதானே பொருள்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைசி வரியில் அவன் தன்னை எப்படிப் பார்க்கிறான்? வீண் பெருமையால் அலைக்கழிக்கப்பட்டு எள்ளப்பட்ட ஒரு பிறவியாக. அங்கே வரும் 'வேனிட்டி' என்ற ஆங்கிலச் சொல், 'எல்லாமே வீண்' என்று விவிலியத்தில் சபை உரையாளர் புலம்பும் அதே சொல். தற்பெருமை என்ற பொருளும் அதற்கு உண்டு. தன்னைத் தண்டிக்கும் வேளையிலும் அவனுக்கு வேதத்தின் வார்த்தைதான் வாயில் வருகிறது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளிட்டவன் பேச்சு அது. கோவிலின் மொழியை எடுத்துத் தன் ஆசைக்குப் போர்த்திவிட்டான், போர்வை நழுவிவிட்டது. ஜாய்ஸ் இளவயதிலேயே திருச்சபையை விட்டு விலகினார் என்பது உண்மைதான். அதை இந்தச் சிறுவன் தலையில் ஏற்றக் கூடாது.

கேள்வி: அந்தப் பொருட்காட்சி உண்மையிலேயே நடந்ததா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நடந்தது. 1894 மே மாதம் டப்ளினில், ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக. ஜாய்ஸுக்கு அப்போது 12 வயது. கதையை 1905இல் எழுதினார். அது இடம்பெற்ற 'டப்ளினர்ஸ்' தொகுப்பு வெளிவர 1914 ஆகிவிட்டது.

கேள்வி: மேங்கனின் 'சிஸ்டர்' அக்காவா, தங்கையா? மொழிபெயர்க்க முயன்று இந்த இடத்தில் நின்றுவிட்டேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நானும் நின்ற இடம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது, தமிழ் விடாது. தேநீருக்குத் தம்பியை அழைக்க வாசற்படியில் வந்து நிற்பவள் அவள். அவன் அவளைச் சீண்டிவிட்டுத்தான் உள்ளே போகிறான். அதைப் பார்த்து அக்கா என்று முடிவுசெய்தேன். ஆனால் நம் தெருவில் நண்பனின் அக்கா நமக்கும் அக்காதான். அந்தச் சொல்லைப் போட்டதுமே பையனின் தவிப்பின்மேல், ஜாய்ஸ் வைக்காத ஒரு குற்ற நிழல் விழுகிறது. தங்கை என்றாலோ அவள் சின்னவளாகி, அந்த வாசற்படியை விட்டு இறங்கிவிடுகிறாள். வகுப்புக்காக நான் செய்த மொழிபெயர்ப்பில், வெளிச்சம் அவள் கழுத்தில் விழும் அந்த ஓர் இடத்தில் மட்டும் 'மேங்கன் வீட்டுப் பெண்' என்று எழுதினேன். மற்ற இடங்களிலெல்லாம் அக்காதான்.