மலேரியா: ஸ்லைடு காட்டாததை மரபணு காட்டுமா?

கேள்வி: ஸ்லைடு (கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்தாலே மலேரியா தெரிந்துவிடுகிறது. பிறகு கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது எதற்கு? (வாசகி, ராமநாதபுரம்)

மலேரியாக் கிருமி ஃபால்சிபாரம் வகையா, வைவாக்ஸ் வகையா என்று ஸ்லைடு சொல்லும். கொடுக்கிற மருந்து கேட்குமா என்று சொல்லாது. ருவாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். ஃபால்சிபாரத்தின் 13ஆம் குரோமோசோமில் உள்ள கெல்ச்13 மரபணு சில இடங்களில் மாறினால், ஆர்ட்டிமிசினின் மருந்துக்குக் கிருமி சீக்கிரம் அடங்காது. மூன்றாம் நாள் ஸ்லைடிலும் தென்படும். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் 561ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற வேறொன்று வந்த கிருமிகள் ருவாண்டாவில் இருப்பது 2020இல் வெளியானது. இதே மாற்றம் தென்கிழக்கு ஆசியாவில் முன்பே தெரிந்ததுதான். அங்கிருந்து வந்து சேர்ந்ததா? மாற்றத்துக்கு இருபுறமும் உள்ள டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள், ஆசியக் கிருமியோடு பொருந்தவில்லை. அது உள்ளூரிலேயே உருவானது. விமான நிலையத்தில் எத்தனை பேரைச் சோதித்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இந்த முடிவால் இன்றைக்குப் பலன் இல்லை. நாடு அடுத்து எந்த மருந்தை வாங்குவது என்று தீர்மானிக்கத்தான் இது வேண்டும்.

கேள்வி: மரபணுச் சோதனைக்கு ஃபில்டர் பேப்பரில் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். பாதி மாதிரிகள் ‘தேறவில்லை’ என்று திரும்புகின்றன. எங்கே தவறு? (ஆய்வகப் பணியாளர், தூத்துக்குடி)

பெரும்பாலும் தாளில்தான். முதல் வேளை மருந்துக்கு முன்பே ரத்தம் எடுங்கள். மருந்து உள்ளே போனால் கிருமி மளமளவென்று குறையும். விரலில் தடவிய ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்த துளி தொங்கும்போது தாளைத் தொட்டு ஊறவிடுங்கள். விரலை அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஒரு துளிமேல் இன்னொன்று வைக்கவும் கூடாது. ஒரு வட்டத்துக்குச் சுமார் 50 மைக்ரோலிட்டர் போதும். விவரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரையும்.

அடுத்தது ஈரம். கடலோர ஊரில் இரவு முழுக்கக் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம். பிறகு ஒவ்வொரு தாளையும் தனித்தனி ஜிப் கவரில், சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதையும்.

தாள் நன்றாக இருந்தாலும் ஒரு தடை உண்டு. ஒரு மைக்ரோலிட்டரில் 1,000 கிருமியும் 6,000 வெள்ளை அணுவும் இருப்பதாக வையுங்கள். கிருமியின் மரபணுத் தொகுதி (அதன் முழு டி.என்.ஏ.) 2.3 கோடி எழுத்து. மனித வெள்ளை அணு ஒன்றில் 600 கோடிக்கு மேல். கணக்குப் போட்டால் பத்தாயிரம் எழுத்தில் ஆறேழுதான் கிருமியுடையது! அதனால்தான் வேண்டிய மரபணுத் துண்டுகளை மட்டும் பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பல படி நகலெடுக்கும் முறை) பெருக்கிப் படிக்கிறார்கள். டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில், ஃபால்சிபாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் ஏ, டி எழுத்துகளே. ஒரே எழுத்து வரிசையாக நீளும் இடங்களில் கருவி எண்ணிக்கையைத் தவறவிடும். அங்கே தெரியும் ‘மாற்றத்தை’ மறுபடி ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கேள்வி: ரேப்பிட் கார்டில் (ரத்தத் துளி விட்டுச் சில நிமிடங்களில் பார்க்கும் சோதனை அட்டை) நெகட்டிவ், ஸ்லைடில் ஃபால்சிபாரம். இப்படி நடக்குமா? (வாசகர், மங்களூரு)

நடக்கும். பல கார்டுகள் ஃபால்சிபாரத்தின் ஹெச்.ஆர்.பி.2 புரதத்தைத்தான் தேடுகின்றன. அந்த மரபணுவையே இழந்த கிருமிகள் பெருவில் இருப்பது 2010இல் வெளியானது. பிறகு எரித்ரியாவில் இவை மிகுந்துபோய், நாடு வேறு வகைக் கார்டுக்கு மாற வேண்டியிருந்தது. இந்த இழப்பால் 5 சதவீதமோ அதற்கு மேலோ நோயாளிகள் தவறினால் கார்டை மாற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் பி.சி.ஆரில் ஹெச்.ஆர்.பி.2 வரவில்லை என்ற ஒன்றை வைத்து ‘மரபணு இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. கெட்டுப்போன மாதிரியிலும் அது வராது. அதே மாதிரியில் கிருமியின் வேறு இரண்டு மரபணுக்களாவது தெளிவாக வந்திருக்க வேண்டும். ஒரே நோயாளிக்குள் இரண்டு ரகக் கிருமிகள் கலந்திருந்தால், மரபணு உள்ள ரகம் இல்லாத ரகத்தை மறைத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.