மருத்துவர் சீட்டு இல்லாமல் ஐவர்மெக்டின் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், ஐடஹோவில் இருக்கிறோம். மூன்று வாரமாக வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிப்பு, விரலிடுக்கில் பொரிப் பொரியாக இருக்கிறது. ஸ்கேபிஸ் (தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வரும் சொறி) என்று நினைக்கிறேன். அந்தப் பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று இங்கே சட்டம் வந்தும் பார்மசியில் மறுக்கிறார்கள். வேறெங்காவது வாங்கிச் சாப்பிடலாமா? கணவர் 70 கிலோ, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். மகளுக்கு 3 வயது, 13 கிலோ.

பதில்: 2025-இல் ஐடஹோ போட்ட சட்டம் விற்கலாம் என்கிறது, விற்றே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்கில் இந்த மாத்திரை இன்னும் சீட்டு மருந்துதான். யாருக்கு எத்தனை என்று சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ளும் குறிப்பும் டப்பாவில் கிடையாது. பார்மசிஸ்ட் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

'வேறெங்காவது' என்றால் கால்நடைக் கடைப் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். 567 கிலோ குதிரைக்கான ஒரு டியூபில் சுமார் 113 மி.கி. மருந்து இருக்கிறது. 70 கிலோ ஆளுக்குத் தேவை 14 மி.கி. அளவு மீறினால் தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு வரை போகும்.

மாத்திரைக் கணக்கு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 70 கிலோவுக்கு வரும் 14 மி.கி.யை முழு மாத்திரையாக்கினால் 3 மி.கி. மாத்திரை ஐந்து, ஒரே வேளையில், சாப்பாட்டோடு. பூச்சியின் முட்டையை இது கொல்லாது; அதனால் 7 முதல் 14 நாளுக்குள் இன்னொரு முறை. ஆனால் வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறலாம். வார்ஃபரின் எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் உங்கள் கணவர் தொடக்கூடாது. 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மாத்திரை கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டுக்குப் பொருத்தம், பூச்சியைக் கொல்ல மேலே பூசும் 5% பெர்மெத்ரின் கிரீம். வேடிக்கை என்னவென்றால், அதற்குத்தான் அங்கே சீட்டு வேண்டும்! சீட்டில்லாமல் கிடைக்கும் 1% பெர்மெத்ரின் பேனுக்கானது, இதற்குப் போதாது. ஐடஹோவில் சில நோய்களுக்குப் பார்மசிஸ்டே மருந்து எழுதலாம். கையைக் காட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் போய், ஸ்கேபிஸ்தானா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை பூசுங்கள். நகத்தடி, தொப்புள், தொடையிடுக்கு விட்டுப்போகக்கூடாது. பெரியவருக்குச் சுமார் 30 கிராம் ஆகும். மகளுக்குத் தலையிலும் பூச வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். பலருக்கும் தவறுவது இங்கேதான். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். துணி, படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைத்துச் சூடான ட்ரையரில் போடுங்கள். துவைக்க முடியாததை ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

பூச்சி செத்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் இருக்கும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்ட வேண்டாம். அதற்கு மேலும் புதுப் பொரி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.