அலமாரிக்குப் புதுப் பெயிண்ட்: பிரஷ்ஷை எதில் கழுவுகிறார், பாருங்கள்

கே: சமையலறையில் இருபது வருடப் பழைய பிளைவுட் அலமாரி, எனாமல் அடித்தது. மெஷின் போட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் பெயிண்டர். பையனுக்கு வீசிங். (தாம்பரம்)

ப: மெஷின் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் அலமாரி அதற்கு முந்தையது, அதன் பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். தேய்க்கும்போது பறக்கும் அந்தத் தூள் பிள்ளையின் மூச்சில் போகக் கூடாது.

முதலில் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் எடுங்கள். பிசுக்கின் மேல் அடித்த பெயிண்ட் நிற்காது. கதவுகளைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேய்க்கச் சொல்லுங்கள். பளபளப்பு போனால் போதும், மரம் தெரிய வேண்டியதில்லை. சேறாக வருவதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், துடைப்பம் போடாதீர்கள். பையன் அந்த வாரம் பாட்டி வீட்டில் இருக்கட்டும். N95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் நெடியைத் தடுக்காது.

கே: சன்மைக்கா மேல் நேரடியாகப் பெயிண்ட் அடிக்கலாமா? (திருச்சி)

ப: அடிக்கலாம். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

கே: வாட்டர் பேஸ் எனாமல் கேட்டேன். "அதெல்லாம் நிக்காதும்மா" என்று பெயிண்டர் ஆயில் பெயிண்டையே வாங்கச் சொல்கிறார். (மதுரை)

ப: அவர் சொல்லும் டப்பாவுக்குள் டோக்கன் இருக்கிறதா என்று கேட்டீர்களா? பெயிண்டருக்கென்று கம்பெனிகள் வைக்கும் காசு அது. விலையில் அதையும் நாம்தான் கொடுக்கிறோம், ஆனால் நமக்கு யாரும் சொல்வதில்லை. டோக்கன் அதிகமுள்ள டப்பா "நல்ல" பெயிண்டாகிவிடுகிறது, ஒரு லிட்டர் போதுமான இடத்துக்கு இரண்டு லிட்டர் "வேணும்" ஆகிவிடுகிறது. பெயிண்டரைக் குறை சொல்லவில்லை, தினக்கூலிக்காரருக்கு அது வருமானம். மறைத்து வைக்கிற ஏற்பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம்.

நானும் ஒருமுறை இப்படித் தலையாட்டி நாலு லிட்டர் வெள்ளை ஆயில் எனாமல் வாங்கினேன். வெளிச்சம் படாத கதவின் உட்புறம் ஒரே வருடத்தில் பழைய பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. அலமாரிக்கு வாட்டர் பேஸ் போதும். முதலில் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கே: பெயிண்டர் வாட்டர் பேஸுக்குத்தான் காசு வாங்கினார். மூன்று நாளாக நெடி, என் கணவருக்குத் தலைவலி. பார்த்தால் பரணில் காலி ஆயில் பெயிண்ட் டப்பாக்கள். எங்களுக்கு வயது எழுபது. (கும்பகோணம்)

ப: அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு இரண்டு நாள் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். தலைவலி நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். டப்பாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிள் தெரியப் படமெடுத்து, ரசீதோடு வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

மற்றவர்களுக்கு: வேலை முடிந்ததும் பிரஷ்ஷை எதில் கழுவுகிறார் என்று பாருங்கள். தண்ணீர் என்றால் வாட்டர் பேஸ். டர்பன்டைன் என்றால் ஆயில்.

கே: முழுப் பணமும் முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். பில் இல்லை. ஆள் போன் எடுக்கவில்லை. (சேலம்)

ப: போன மாதமும் இதே கேள்வி, வேறு ஊரிலிருந்து. ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவாவது சாட்சி. கையில் ரொக்கமாகக் கொடுத்தீர்களா? அதைத்தான் எழுதவில்லை.