வைரம் பாய்ந்த மரமும் மக்கர் பண்ணும் மெஷினும்: கேள்வி பதில்

மரம் அறுக்கும் மெஷின் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, விழுந்த மரங்களை எடுக்க டெல்டா பக்கம் பலரும் செயின்சா வாங்கினார்கள். அப்போது வாங்கியவை இன்றும் பட்டறைக்கு வருகின்றன. தென்னைக்கு வாங்கிய மெஷினைப் புளியிலும் கருவேலத்திலும் வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, காய்ந்த புளிய மரம் அறுக்கிறேன். மெஷின் சத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மரத்தில் இறங்க மாட்டேன் என்கிறது, அறுப்பில் புகை வருகிறது. கார்புரேட்டர் டியூன் பண்ணணுமா?

கார்புரேட்டரைத் தொடாதீர்கள் தம்பி. கீழே விழும் தூளை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். சில்லு சில்லாக, குறைந்தது ரவை அளவுக்காவது இருந்தால் பல் கூராக இருக்கிறது. கோதுமை மாவு மாதிரி இருந்தால் பல் மழுங்கிவிட்டது. செயின் மரத்தை அறுக்கவில்லை, தேய்க்கிறது. புகை அதனால்தான்.

அடுத்து, பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது. மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு மின்னும். அந்தக் கோடு மறையும்வரை அரம் போடுங்கள். 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், சின்ன மெஷின்களில் வரும் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) 3/8 அங்குலச் செயினுக்கு 4 மி.மீ. அரம். உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். பொதுவாக 30 டிகிரி சாய்வு. வைரம் பாய்ந்த புளிக்கு நான் 25 டிகிரியில்தான் வைப்பேன். கூர் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

பலர் மறப்பது பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டை. அது பல் நுனியைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு கூர் போட்டாலும் பல் மரத்தைக் கடிக்காது. அதற்காக நிறைய ராவிவிடவும் கூடாது. கெட்டி மரத்தில் செயின் மாட்டி உதறும்.

பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு போடுங்கள். பட்டறைக்கு வரும் வேலை பாதியாகக் குறையும்.

வேப்ப மரத்தில் நேராக வைத்தாலும் அறுப்பு வலப்பக்கமாக வளைந்து போகிறது.

வலப்பக்கப் பற்கள் கூராகவோ நீளமாகவோ இருக்கின்றன. செயின் அந்தப் பக்கம் இழுக்கும். அரம் பிடிக்கும் கைக்கு ஒரு பக்கம் வாகாக இருக்கும், மறுபக்கம் இருக்காது, அதனால் வருவது. இருக்கிற பற்களிலேயே குட்டையானதை அளந்து, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டு வாருங்கள். புதுச் செயின் போட்டும் வளைந்தால் பாரின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். தட்டை அரத்தால் சமன் செய்யுங்கள். இனிமேல் அவ்வப்போது பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள்.

பத்து நிமிஷம் ஓடுகிறது, அப்புறம் தானாக நின்றுவிடுகிறது. ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிளக் மாற்றிவிட்டேன் அண்ணே.

அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சின்னச் செலவுதான். அப்படியும் ஆகவில்லை என்றால், சூடாக இருக்கும்போதே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் பொறி வராமல், ஆறியதும் வந்தால், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் போய்விட்டது.

பெட்ரோலையும் கவனியுங்கள். இப்போது வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய மெஷின்களின் ரப்பரைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்குத் தேவையான பெட்ரோலில் மட்டும் ஆயில் கலந்து வையுங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. எது என்பது மெஷின் புத்தகத்தில் இருக்கும். ‘கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது’ என்று நினைக்காதீர்கள். சைலன்ஸரில் கரி அடைத்து இழுவை போய்விடும்.

செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? பார் சூடாகி நீலம் பூத்துவிட்டது.

வேண்டாம் ஐயா. அதில் இரும்புத் துகள் இருக்கும், ஆயில் பம்பைத் தின்றுவிடும். பாரைக் கழற்றி, ஆயில் வரும் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, செயின் ஓடும் பள்ளத்தில் இறுகிய தூளைச் சுரண்டி எடுங்கள். மாட்டிய பிறகு பார் நுனியை ஓர் அட்டைக்கு நேராகக் காட்டி, அட்டையில் படாமல், சில விநாடி வேகமாக ஓட்டுங்கள். அட்டையில் ஆயில் கோடு விழுந்தால் சரி.

சாலையோர மரத்தில் திடீரென்று பொறி பறந்தது.

ஆணி. விளம்பரத் தகடு அடித்த ஆணியை மரம் உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். பட்டையில் கறுப்புக் கறை தெரிந்தால் ஓரடி தள்ளி வையுங்கள்.

கருவேலத் தடியில் பார் மாட்டிக்கொண்டது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இழுத்தும் வரவில்லை, கருகல் வாசம் வந்தது.

கருகியது கிளட்ச். மாட்டினால் முதல் வேலை மெஷினை நிறுத்துவது. பிறகு அறுப்பில் மர ஆப்பு அடித்து விரியவைத்து எடுங்கள். செயின் பக்கத்தில் இரும்பு ஆப்பு கூடவே கூடாது. இரண்டு முனையிலும் தாங்கிக் கிடக்கும் தடியில் மேல்பக்கம் இறுகும், கீழ்ப்பக்கம் விரியும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுங்கள்.

பார் நுனி இன்னொரு கிளையில் பட்டு மெஷின் முகத்தைப் பார்த்து எகிறியது. முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக் பிடிக்கவில்லை. இந்த வாரம் மட்டும் ஓட்டலாமா?

ஒரு மரம்கூட அறுக்காதீர்கள் தம்பி. நுனியின் மேல்கால்வாசி எதில் பட்டாலும் மெஷின் பின்னால் எகிறும். கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. பிரேக் பிடிக்காத மெஷினோடு என் பட்டறைக்கு வந்த ஒருவருக்கு இடது தோளில் தையல் போட்டிருந்தது. கழுத்துக்கும் தையலுக்கும் நான்கு விரல் இடைவெளி. பிரேக் பட்டையில் தூளும் ஆயிலும் சேர்ந்திருக்கலாம், தேய்ந்தும் போயிருக்கலாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை பிளக்கைக் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் வேறு யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது.