டார்ஷன் பாரைக் கழற்றினால் பாரம் எங்கே போகும்? – கேள்வி பதில்

பழைய கார்களின் முன்பக்க சஸ்பென்ஷனில் டார்ஷன் பாரை எடுத்துவிட்டுக் காயிலோவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங் மாட்டிய ஒரே அலகு) பொருத்துவது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்த வேலையை என் 1968 டாட்ஜ் டார்ட்டில் ஒருமுறை தவறாகவும் ஒருமுறை ஒழுங்காகவும் செய்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவங்களும் பதில்களில் கலந்தே இருக்கும்.

அண்ணா, அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். டார்ஷன் பார் என்பது வெறும் கம்பிதானே, அது எப்படி ஸ்பிரிங் ஆகும்?

ஈரத் துணியைப் பிழியும்போது கையை விட்டால் துணி கொஞ்சம் திரும்பி அவிழும் அல்லவா, அதேதான். உறுதியான ஸ்பிரிங் எஃகில் செய்த நீளமான கம்பி அது. ஒரு முனை சேசிஸில் அசையாமல் பிடிபட்டிருக்கும், மறுமுனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான கண்ட்ரோல் ஆர்மின் அச்சில் நுழைந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் ஆர்ம் மேலே திரும்புகிறது, கம்பி முறுக்கேறுகிறது. முறுக்கு அவிழப் பார்க்கும் விசைதான் சக்கரத்தை மறுபடி சாலையில் அழுத்துகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை: காயில் ஸ்பிரிங்கை அமுக்கும்போதும் அதன் கம்பி முறுக்கத்தான் படுகிறது. காயில் ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த டார்ஷன் பார். ஆகவே ஒன்று பழையது, மற்றொன்று புதியது என்ற எண்ணமே தவறு. 1934இல் வந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான்ட், 1948இன் மோரிஸ் மைனர், 1957 முதல் கிரைஸ்லர் கார்கள், 1961இன் ஜாகுவார் ஈ‑டைப், 1989 வரை வந்த பழைய போர்ஷே 911 எல்லாமே முன்பக்கம் டார்ஷன் பாரில் ஓடியவை. இவற்றில் எதையும் மட்டமான கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் எதற்காக மாற்ற வேண்டும்? மாற்றினால் வளைவில் கார் நன்றாகத் திரும்பும் என்கிறார்களே?

காயிலோவர் என்பதற்காகவே கார் நன்றாகத் திரும்பிவிடாது. சக்கரத்துக்குக் கிடைக்கும் விறைப்பு, குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் (சுருக்கமாக ஷாக்) தரம், ஆர்ம்களின் அமைப்பு ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பழைய ஷாக்கை எடுத்துவிட்டு நல்ல ஷாக்கோடு வரும் காயிலோவரைப் போட்டவர்கள், ஷாக்குக்குச் சேர வேண்டிய பெருமையை ஸ்பிரிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பெரிய எஞ்சினையும் அதன் எக்ஸாஸ்ட் குழாய்களையும் நுழைக்க டார்ஷன் பார் குறுக்கே நிற்கலாம். ரேக் ஸ்டியரிங் வைக்க இடம் தேவைப்படலாம். பந்தயத்துக்குப் போகிறவர் ஒரே மாலையில் மூன்று ஸ்பிரிங்குகளை மாற்றிப் பார்க்க விரும்பலாம். உயரம் குறைய வேண்டும், கொஞ்சம் விறைப்பாக வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் மாற்ற வேண்டாம். உயரத்துக்குப் பல கார்களில் அட்ஜஸ்டிங் போல்ட் இருக்கிறது. விறைப்புக்குத் தடித்த பார் போடலாம். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 22 மி.மீ. பாரை எடுத்துவிட்டு அதே நீளத்தில் 25 மி.மீ. பார் போட்டால் விறைப்பு 67 சதவீதம் ஏறிவிடும். வெறும் 3 மில்லிமீட்டருக்கு!

நான் பார்த்த கிட்டில் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) வெல்டிங் எதுவும் வேண்டாம், பழைய ஷாக்கைக் கழற்றிய இடத்திலேயே காயிலோவரை மாட்டலாம் என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

நான் முதல்முறை வாங்கியதும் அப்படி ஒன்றுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இந்த ஒரு பதிலைப் படித்தால்கூடப் போதும்.

காரின் முன்மூலை ஒன்றின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்த்து 40 கிலோ போனால், ஸ்பிரிங் தாங்க வேண்டியது 360 கிலோ. டார்ஷன் பார் இருக்கும்போது இந்தப் பாரம் ஆர்மின் அச்சு வழியாகச் சேசிஸின் குறுக்குச் சட்டமான முன் கிராஸ் மெம்பரில் இறங்குகிறது. முறுக்குவிசை பின்னால் தரைக்கு அடியில் இருக்கும் கிராஸ் மெம்பருக்குப் போகிறது. தொழிற்சாலையில் இந்த இரண்டு இடங்களையும் கனமாகக் கட்டியிருப்பார்கள். ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகடோ காரின் எடையை ஒரு நாளும் சுமந்ததில்லை. குலுக்கலை அடக்கும் ஷாக்கின் தள்ளலும் இழுப்பும் மட்டுமே அதற்குப் பழக்கம்.

இப்போது பாரைக் கழற்றிக் காயிலோவரை மாட்டுகிறீர்கள். அது ஆர்மின் நுனியில் நிற்காது, அச்சிலிருந்து அறுபது சதவீதத் தூரத்தில், கொஞ்சம் சாய்ந்து நிற்கும். சக்கரம் 100 மி.மீ. ஏறினால் காயிலோவர் ஏறக்குறைய 56 மி.மீ. தான் சுருங்கும். நெம்புகோல் கணக்குப்படி அதன் மேல் விழும் பாரம் 360 கிலோ அல்ல, 360ஐ 0.56ஆல் வகுத்தால் வரும் 640 கிலோ. கார் சும்மா நிற்கும்போதே இவ்வளவு. ஒரு பள்ளத்தில் விழுந்து இது மூன்று மடங்கானால், இரண்டு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதை எதில் மாட்டியிருக்கிறீர்கள்? ஷாக்கின் நட்டைப் பிடித்திருந்த அந்தத் தகட்டில்.

அது மட்டுமல்ல, ஆர்மின் அச்சிலும் விசை தலைகீழாகிறது. முன்பு ஆர்ம் கிராஸ் மெம்பரை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. காயிலோவர் வந்ததும் ஆர்ம் ஒரு சீசாபோல ஆகிவிடுகிறது: நுனியில் சக்கரம் மேலே தள்ள, நடுவில் ஸ்பிரிங் கீழே அழுத்த, அச்சு முனை கிராஸ் மெம்பரைக் கீழே இழுக்கிறது. புஷ் (அச்சில் இருக்கும் உறை), போல்ட், அவற்றின் பட்டை எல்லாம் இதுவரை பார்க்காத திசையில் விசையைப் பார்க்கின்றன.

என் காரில் முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது மட்டும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பால் ஜாயின்ட் என்று நினைத்து அதை மாற்றினேன், சத்தம் போகவில்லை. ஒரு நாள் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மேல் மவுண்டின் வாஷரை ஒட்டிப் பெயின்ட்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரலால் தடவினால் துருத்தூள் ஒட்டியது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் இடறியது. பெயின்ட்டில் மட்டும் விரிசல் இருந்தால் நகம் இப்படி இடறாது. தகடே கிழிந்துகொண்டிருந்தது, ஏறக்குறைய 30 மி.மீ. நீளத்துக்கு.

இரண்டாம் முறை, மேல் மவுண்டைச் சுற்றி 4 மி.மீ. தகட்டில் ஒரு பெட்டி கட்டி, அதிலிருந்து சேசிஸ் ரயில் வரை ஒரு குழாயை இறக்கி வெல்ட் செய்தோம். பாரம் தகட்டில் தங்காமல் ரயிலுக்குப் போகிறது. ஆகவே கிட் வாங்கும்போது என்ன பிராண்ட், ஷாக்கைத் திருகி மாற்ற எத்தனை கிளிக் என்றெல்லாம் பிறகு கேளுங்கள். மேல் முனையின் பாரம் எந்த வழியாகச் சேசிஸுக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். விற்பவரால் விரலால் அந்த வழியைக் காட்ட முடியவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

என் நண்பர் இதே மாதிரி கிட்டைப் பத்து வருடமாக ஓட்டுகிறார். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

அவருடைய கார் இலேசானதாக இருக்கலாம், சாலை நல்லதாக இருக்கலாம், வருடத்துக்கு நான்கு நாள் ஓட்டுபவராக இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு இல்லை என்றால் எனக்கும் மகிழ்ச்சிதான்.

பழைய பாருக்குச் சமமான காயில் ஸ்பிரிங்கை எப்படிக் கணக்கிடுவது, ஐயா?

முதலில் சக்கரத்தில் என்ன விறைப்பு இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். 22 மி.மீ. விட்டம், முறுக்கேறும் நீளம் 1000 மி.மீ., ஆர்மின் நீளம் 330 மி.மீ. என்றால், எஃகின் முறுக்கு மீள்தன்மையைச் சதுர மில்லிமீட்டருக்கு 79,000 நியூட்டன் என்று வைத்துக் கணக்கிட, சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 16.7 நியூட்டன் வரும்.

இதைக் காயிலுக்கு மாற்றும்போது 0.56ஆல் ஒருமுறை வகுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இருமுறை வகுக்க வேண்டும். ஸ்பிரிங் சுருங்கும் தூரமும் குறைகிறது, அதன் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும் அளவும் குறைகிறது. ஆக 16.7ஐ 0.56இன் வர்க்கமான 0.3136ஆல் வகுங்கள்: 53 நியூட்டன். ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் கணக்கில் அது அங்குலத்துக்கு 300 பவுண்டு. 25 மி.மீ. பாருக்குச் சமமாக வேண்டுமென்றால் 500 பவுண்டு வரும். ‘தெருவில் ஓட்ட 500 எதற்கு?’ என்று எண்ணைப் பார்த்து மிரள்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்யாதவர்கள்.

0.56 என்பது என் எடுத்துக்காட்டு எண். உங்கள் காரில் ஸ்பிரிங்கை மாட்டாமல் சக்கரத்தை ஜாக்கால் 50 மி.மீ. தூக்கி, ஷாக் மவுண்ட்கள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு குறைந்தது என்று டேப்பால் அளந்து, அதை 50ஆல் வகுத்து எடுங்கள்.

காயிலோவரில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?

இல்லை. ஒரே சீரான ஸ்பிரிங்கில் வளையத்தைத் திருகினால் கார் உயரும், அவ்வளவுதான். 300 பவுண்டு ஸ்பிரிங் 300 பவுண்டு ஸ்பிரிங்தான்.

டார்ஷன் பாரைக் கழற்றுவது ஆபத்தா?

முறுக்கை இறக்காமல் கழற்றினால் ஆபத்துதான். காரைச் சேசிஸில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்தி, சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்படி விடுங்கள். பிறகு அட்ஜஸ்டிங் போல்ட்டை முற்றிலும் தளர்த்துங்கள். பார் அதன் குழியில் கையால் அசையும் நிலைக்கு வந்த பிறகே வெளியே தள்ள வேண்டும். துருவில் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். பாரின் உடம்பில் சுத்தியலாலோ குறடாலோ கை வைக்காதீர்கள். முறுக்கேறும் கம்பியில் ஒரு சின்னக் கீறல்கூடப் பிற்பாடு முறிவு தொடங்கும் இடமாகிவிடும்.

என்னிடம் இருப்பது 1970களின் 911. இதற்கும் இதே பதில்தானா?

கணக்கு அதேதான், இடம் வேறு. உங்கள் காரில் முன்பக்கம் ஸ்டிரட் (சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் நிற்கும் ஷாக்) இருக்கிறது, ஆனால் அது பாரத்தைச் சுமப்பதில்லை. அதன் மேல் ஸ்பிரிங் ஏற்றினால் ஸ்டிரட்டின் மேல்முனை பொருந்தும் டவரின் உச்சியும் அங்கிருக்கும் மேல் மவுண்ட்டும் புதிதாகக் காரைச் சுமக்கத் தொடங்கும். இரண்டையும் பலப்படுத்தாமல் தொடாதீர்கள். சாய்வு உங்களுக்குச் சாதகம்: ஸ்டிரட் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய நேராக நிற்பதால் நான் சொன்ன 0.56 இங்கே ஒன்றை நெருங்கும். ஸ்பிரிங் மென்மையாகவே போதும்.

பீட்டிலில் டார்ஷன் பாரை முழுதாக உருவிவிடலாமா?

பீட்டிலின் முன் குழாய்களுக்குள் இருப்பது தகடு தகடாக அடுக்கிய பார். அந்த அடுக்குதான் ஆர்ம்கள் குழாயிலிருந்து பக்கவாட்டில் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழுதாக உருவினால் ஆர்மைப் பிடிக்க எதுவும் இல்லை. அதோடு அதன் ஷாக் டவர்களும் மெலிந்தவை. உங்களுக்கு என் பரிந்துரை: விட்டுவிடுங்கள்.

பின்னால் இருக்கும் டார்ஷன் பார் கிராஸ் மெம்பருக்கு இனி வேலை இல்லையே, அறுத்துவிட்டால் எடை குறையுமே?

கியர்பாக்ஸ் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

காயிலோவர் போட்ட பிறகு வேகத்தடையில் ‘டம்’ என்று அடிக்கிறது.

ஷாக்கின் ஓட்டம் தீர்ந்து, அதன் உடம்பே தடையாகி அடிக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆர்மை மேலே, அதன் ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஷாக்கில் இன்னும் சில மில்லிமீட்டராவது மீதி இருக்க வேண்டும். கீழேயும் அதேபோல முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். கார் நிற்கும் உயரத்தில், மேலே ஏறுவதற்குக் கீழே இறங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருந்தால் நல்லது. பழைய பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றியிருந்தால் இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள்.

ஒரு சேர்க்கை: ரப்பர் புஷ்கள் இருந்தால் அவற்றின் போல்ட்டுகளைக் கார் தன் சொந்த எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அதற்குப் பிறகு வீல் அலைன்மென்ட். உயரம் மாறியிருந்தால் கேம்பரும் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு) டோவும் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) நிச்சயம் மாறியிருக்கும்.

கடைசியாக, கழற்றிய பார்களை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். காரைப் பழையபடி ஆக்க நினைப்பவர் அவற்றைக் கேட்டு வருவார். இடது, வலது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். ஒரே திசையில் முறுக்கிப் பழக்கப்படுத்திய பார்கள் அவை, பக்கம் மாற்றிப் போடக்கூடாது. எண்ணெய் தடவிய துணியில் சுற்றிய என்னுடைய பார்கள் பரண்மேல் கிடக்கின்றன. கடப்பாரை அடித்துக்கொள்ள அருமையான எஃகு என்று ஒருவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் கொடுக்கவில்லை.