கட்டார் ரீவியும் யப்பான் அலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டாரிலிருந்து வரும்போது பெரிய ரீவி ஒன்று கொண்டு வரட்டுமா என்று மகன் கேட்கிறான். டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தால் அது இங்கே வேலை செய்யாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகி, கல்லடி)

பதில்: பாதி உண்மை அம்மா. வீட்டில் டிஷ் அல்லது கேபிள் பெட்டி இருந்தால் தாராளமாகக் கொண்டு வரச் சொல்லுங்கள், அலையைப் பிடிப்பது அந்தப் பெட்டி, ரீவி வெறும் திரைதான். கூரையில் அன்ரனா வைத்து ரூபவாஹினியும் ஐரிஎன்னும் பார்க்கிறவர்களுக்குத்தான் சிக்கல். வளைகுடாவில் விற்கும் ரீவிகள் பெரும்பாலும் ஐரோப்பாவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான டிவிபிக்குச் செய்தவை. நம் அரசாங்கமும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது, அப்புறம் 2014 இல் மனம் மாறி யப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறையை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் யப்பான் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தார், இந்த டிஜிட்டல் மாற்ற வேலைக்கென்று ஏறக்குறைய 1,370 கோடி யென் கடனும் கையெழுத்தானது. கடன் கொடுக்கிறவன் சொல்லும் முறையை வாங்குவது நமக்குப் புதிதா என்ன!

ஆனாலும் இந்தத் தெரிவை நான் குறை சொல்ல மாட்டேன். யப்பான்காரர் ஓர் அலைவரிசையை 13 துண்டாகப் பிரித்து, நடுத்துண்டைக் கைத்தொலைபேசி போன்ற சின்னத் திரைகளுக்கு ஒதுக்குகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், சுனாமி, நிலநடுக்கம் என்றால் ஒளிபரப்போடு ஓர் அவசர சமிக்ஞை போகும், அதற்கான வசதி உள்ள பெட்டி தூங்கிக்கொண்டிருந்தாலும் தானாக விழித்துச் சத்தம் போடும். 2004 டிசெம்பர் 26 காலையில் கல்லடிக்கும் கல்முனைக்கும் ஒரு வார்த்தை எச்சரிக்கை வரவில்லை. அதனால் இந்த வசதியைக் கொழும்பை விட நாம்தான் விடாமல் கேட்க வேண்டும், மலிவுப் பெட்டிகளில் இது இல்லாமலும் போகலாம். என்னைக் கேட்டால், எந்த முறைக்குரியது, எச்சரிக்கை வசதி உண்டா என்று ரீவிப் பெட்டியின் மேல் மூன்று மொழியிலும் அச்சிட வேண்டுமென்று அரசாங்கம் கட்டாயப்படுத்த வேண்டும்.

2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றதும் யப்பான் கடன் வேலைகளும் நின்றன, 2024 இல்தான் திரும்ப வழி திறந்தது. எனவே இப்போதே கடைக்கு ஓட வேண்டாம். நாளை மாற்றம் வந்தாலும் மகன் கொண்டுவரும் ரீவியோடு அந்த அலையைப் பிடித்துக் கொடுக்கும் ஐஎஸ்டிபி-ரி செட் டொப் பொக்ஸ் ஒன்றைப் பூட்டினால் சரி.

கேள்வி: அரச அலுவலகங்களை எல்லாம் ஒரே வலையமைப்பில் இணைத்துவிட்டார்களாம். பிறகும் ஏன் ஒரு கடிதத்துக்குக் கச்சேரிக்கு அலைகிறோம்?
(ஒரு வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: லங்கா அரச வலையமைப்பைச் சொல்கிறீர்கள். அது அலுவலகத்தோடு அலுவலகத்தைத்தான் இணைக்கிறது, உங்கள் வீட்டு வாசல்வரை வராது. ஒரு மேசையில் உள்ள கோப்பை அடுத்த மேசை ஏற்க வேண்டும் என்ற உத்தரவு இல்லாவிட்டால் கம்பி போட்டும் என்ன பயன்? இப்போதைக்கு அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலும் பதில் சொல்வார்கள். எந்த ஆவணங்கள் தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனால் இரண்டாவது தடவை போகும் பஸ் காசாவது மிஞ்சும்.