ஞாயிறு இரவு பத்து மணி வீட்டுப்பாடம்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் 4. வெள்ளிக்கிழமையானால் வரலாறு, பொருளியல் இரண்டுக்கும் வாரப் பயிற்சி கொடுத்துவிடுகிறார்கள். இவன் ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் உட்காருவான், பயிற்சி நூலின் கடைசிப் பக்க விடையைப் பார்த்து அப்படியே எழுதி முடிப்பான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, தேர்வில்தான் மதிப்பெண் வருவதில்லை. கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க எனக்கு அந்த அளவுக்கு மலாய் வராது.
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: மலாய் வராதது நல்லதாகப் போயிற்று அம்மா. அவன் எழுதியதை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பார்த்து எழுதியவனால் அது முடியாது, படித்து எழுதியவன் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவான்.

படிவம் 4 வரலாற்றில் மலாயன் யூனியன் வரும், மலாய் மாநிலங்களை ஒரே ஆட்சியின் கீழ் இணைத்த திட்டம். 1946 ஏப்ரல் 1-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்தார்கள், மலாய்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 1948 பிப்ரவரி 1-இல் அதை எடுத்துவிட்டு மலாயாக் கூட்டரசை அமைத்தார்கள். ஏன் எதிர்த்தார்கள் என்ற கேள்விக்கு உங்கள் பையன் நோட்டில் வரிசையாக எழுதியிருப்பான்: சுல்தான்களின் அதிகாரம் போனது, மற்ற இனத்தாருக்குக் குடியுரிமை தாராளமாகக் கிடைக்க இருந்தது, பிரிட்டிஷாரின் தூதர் மெக்மைக்கேல் ஒவ்வொரு சுல்தானிடமும் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கினார், இப்படி. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். "சரிப்பா, குடியுரிமையில கை வைக்காம மத்ததை மட்டும் செஞ்சிருந்தா எதிர்த்திருப்பாங்களா?" முழிப்பான். முழிக்கட்டும், உடனே உதவிக்குப் போகாதீர்கள். எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் "ஏன்?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று தேர்வுத்தாளில் வந்து பிள்ளைகளைப் பயமுறுத்துவது இதேதான், வேறு ஒன்றுமில்லை.

இன்னொன்று, நீங்கள் இருப்பது பினாங்கு மாநிலம். அந்த யூனியனில் பினாங்கையும் மலாக்காவையும் சேர்த்தார்கள், சிங்கப்பூரை மட்டும் தனியே வைத்தார்கள். கூட்டரசு வந்த பிறகு பினாங்கைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்று இங்கே ஒரு இயக்கமே நடந்தது. சொந்த ஊர்க் கதை என்றால் பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள், சொல்லிப் பாருங்கள்.

விடைப் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவைக்கும் பெற்றோரும் உண்டு. வேண்டாம், நண்பனிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லி வாங்கிவிடுவான். முதலில் நூலை மூடிவிட்டு எழுதட்டும், எழுதிய பிறகு விடையைப் பார்த்துச் சிவப்பு மையால் தானே திருத்தட்டும். அப்புறம் அந்தப் பத்து மணி விவகாரம்: வெள்ளி இரவே கேள்விகளை ஒரு தடவை படித்துவிட்டு வைத்துவிடச் சொல்லுங்கள், எழுத வேண்டாம், படித்தால் போதும். கேள்வி மண்டைக்குள் கிடந்தால் ஞாயிறு உட்காரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

கேள்வி: சார், கோழி விலை ஏறினால் தேவை வளைகோடு இடப்பக்கம் நகரும் என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார். விலை ஏறினால் ஆட்கள் குறைவாகத்தானே வாங்குவார்கள்?
- படிவம் 4 மாணவன், பிறை

பதில்: குறைவாகத்தான் வாங்குவார்கள் தம்பி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் அந்தத் தேவை வளைகோடு இருந்த இடத்திலேயே இருக்கும், நாம்தான் அதே கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து மேலே இருக்கும் இன்னொரு புள்ளிக்குப் போகிறோம். கோடே நகர வேண்டுமானால் கோழியின் விலையைத் தவிர வேறு ஏதாவது மாற வேண்டும். தீபாவளிக்கு முந்தைய நாள் பசாரில் நின்று பார், அதே விலைக்கு இரண்டு மூன்று கோழி வாங்கிப் போவார்கள். அப்போது கோடு வலப்பக்கம் நகர்கிறது. மீன் விலை எகிறி, மீன் வாங்குகிறவர்கள் கோழிக்குத் தாவினாலும் அப்படியே. தீவன விலை ஏறினாலோ நகர்வது அளிப்பு வளைகோடு, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் கோடு, அதுவும் இடப்பக்கம்.

கோழி பற்றி எழுதுவதால் உனக்கு ஒரு கூடுதல் வேலை. 2022 ஜூன் 1-இல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் சாதாரணக் கோழி கிலோ 9 வெள்ளி 40 காசுக்கு மேல் விற்கக் கூடாது என்றது, கூடவே பண்ணைக்காரர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தது. 2023 நவம்பர் 1-இல் விலைக் கட்டுப்பாடு, உதவித்தொகை இரண்டையும் எடுத்துவிட்டது. வாங்க நினைக்கும் அளவும் விற்க நினைக்கும் அளவும் சமமாகும் சமநிலை விலைக்குக் கீழே உச்சவரம்பு போட்டால் வாங்க நினைக்கும் அளவு கூடும், விற்க நினைக்கும் அளவு குறையும், தட்டுப்பாடு வரும். அந்த உதவித்தொகை ஏன் தேவைப்பட்டது என்பதை நீயே படம் வரைந்து டீச்சரிடம் காட்டு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுத்தான் எல்லாரும் வீட்டுப்பாடம் செய்கிறார்கள் என்கிறாள் மகள். விடலாமா?
- ஒரு தந்தை, செந்தூல்

பதில்: அவள் எழுதி முடித்த பிறகு விடலாம். "என் விடையில் எங்கே ஓட்டை இருக்கிறது?" என்று கேட்டால் உருப்படியான உதவி கிடைக்கும், "விடை எழுதிக் கொடு" என்றால் அது பழைய பயிற்சி நூலின் கடைசிப் பக்கம்தான். ஆண்டு, பெயர் எல்லாவற்றையும் பாடநூலில் சரிபார்க்கச் சொல்லுங்கள், நம் நாட்டு வரலாற்றில் அது ரொம்ப நம்பிக்கையோடு தப்பாகச் சொல்லும்.

கேள்வி: பையன் கணக்கியல் படிக்கப் போகிறான். வரலாற்று வாரப் பயிற்சியை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: கூடாது. 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் படிவம் 5 இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, கணக்கில் ஏ பிளஸ் வாங்கினாலும் சரி.